வயிற்றுப்போக்கும் துத்தநாக மாத்திரையும்: இராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும்போது, உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் (ஓ.ஆர்.எஸ்.) சேர்த்துத் தொடர்ந்து 14 நாட்கள் கொடுக்கப்படும் மருந்து துத்தநாக மாத்திரை ஆகும். பேச்சு வழக்கில் இது ஜிங்க் மாத்திரை எனப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிராம சுகாதார செவிலியர்கள் வழியாகவும் இது இலவசமாகக் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2004 மே மாதம் வெளியிட்ட கூட்டறிக்கையில் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய அரசும் இதைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

துத்தநாகம் நமக்குப் புதிய பொருள் அன்று. கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கக் கூரைத் தகரத்தின்மேல் பூசப்படுவது இந்த உலோகம்தான். சித்த மருத்துவத்தில் இதற்கு நாகம் என்று பெயர். வடநாட்டு ஆயுர்வேதத்தில் அதே 'நாகம்' என்ற சொல் ஈயத்தைக் குறிக்கும். ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு. ஆகவே பெயரில் நாகம் இருக்கிறது என்பதற்காக எந்தப் பற்பத்தையும் இம்மாத்திரைக்கு மாற்றாகக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

இச்சிகிச்சையைப் பற்றி மக்களிடம் உள்ள பெரிய குழப்பம் ஒன்றுதான். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாட்களில் நின்றுவிடுகிறது. மாத்திரையோ 14 நாட்களுக்கு எழுதித் தரப்படுகிறது. நின்ற பிறகு எதற்கு மருந்து என்று பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தும்போது என்ன இழப்பு என்பதை இக்கட்டுரை முதன்மையாக விளக்குகிறது.

கடற்கரையும் குடிநீரும்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என நீளும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கடலுக்குப் பஞ்சமில்லை, குடிநீருக்குத்தான் பஞ்சம். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும். மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊருணிகளே இப்பகுதியின் மரபான குடிநீர் ஆதாரம். தனுஷ்கோடிப் பக்கம் அலை அடிக்கும் இடத்திலிருந்து சிறிது தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். நரிப்பையூரில் அமைந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், பின்னர் வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் நிலைமையை ஓரளவு மாற்றின. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் வண்டித் தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கிச் சேர்த்து வைக்கும் வழக்கம் போய்விடவில்லை.

சேர்த்து வைத்த தண்ணீரில் செம்பும் கையும் படும்போதுதான் வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு வழி திறக்கிறது. தண்ணீர் காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருக்கும் வீட்டில், கை கழுவுவதற்குச் செலவாகும் தண்ணீரும் கணக்கிடப்படும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று சுவரில் எழுதிவைப்பவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கழிச்சல் நோய்களோடு இக்கடற்கரைக்குப் பழைய தொடர்பு உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் காலரா முதலிய நோய்களைக் கொண்டுசெல்லக் கூடாது என்பதற்காக மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே கடல் கடக்க விடப்பட்டனர். 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு இந்த வழி மேலும் பெரிதானது. பிற்காலத்தில் அதே மண்டபம் முகாம், எதிர்த் திசையில் வந்த இலங்கைத் தமிழ் ஏதிலிகளின் இருப்பிடமாயிற்று.

2018இல் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டு மாவட்டங்களுள் இராமநாதபுரம் ஒன்று, மற்றது விருதுநகர். இம்மாவட்டங்களின் முன்னேற்றத்தை அளக்கும் நலவாழ்வுக் குறியீடுகளில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஓ.ஆர்.எஸ். கிடைத்தது, எத்தனை பேருக்குத் துத்தநாகம் கிடைத்தது என்ற இரண்டும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. ஒரு மாத்திரை மாவட்ட அளவுகோலாகவே ஆகியிருப்பது கவனிக்கத் தக்கது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இருந்தாலும் இந்த நோயில் குழந்தையின் நிலையை முடிவு செய்வது பெரும்பாலும் வீட்டில் கழியும் முதல் சில மணி நேரந்தான்.

முதலில் கரைசல், பிறகு மாத்திரை

வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பது கிருமியால் நேரடியாக அன்று. பெரும்பாலும் நீரும் உப்பும் வெளியேறுவதால் இறக்கிறது. எனவே உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். துத்தநாகம் அதற்குத் துணைதானே தவிர மாற்று அன்று. மாத்திரை கொடுத்துவிட்டோம் என்று கரைசலை விட்டுவிடுவது ஆபத்து.

1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் ஏதிலி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே முகந்து கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவருடைய கவனிப்பில் இருந்தவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

இன்று கிடைக்கும் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். இந்த அளவு நல்ல தண்ணீருக்கென்று கணக்கிடப்பட்டது. இக்கடற்கரையில் குறிப்பாகச் சொல்ல வேண்டிய செய்தி இது: உவர்ப்பான கிணற்று நீரிலோ ஆழ்துளைக் குழாய் நீரிலோ ஓ.ஆர்.எஸ். கலக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாவதால் உப்பின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஏற்கெனவே நீரிழந்த குழந்தைக்கு மிகை உப்பு கேடு. வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர்தான் இருக்கிறது என்றால், அதில் முதல் லிட்டர் கரைசலுக்கு உரியது.

ஒவ்வொரு முறை கழிச்சல் ஆன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் குவளை முதல் அரைக் குவளை வரை, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை முதல் ஒரு குவளை வரை, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கடைகளில் காகிதப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் சில, ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கியிருந்தன. அவற்றில் சர்க்கரை அதிகம். அது கழிச்சலை மேலும் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

துத்தநாகம் உடலில் செய்யும் வேலை

இரும்பைப்போலத் துத்தநாகத்தை உடல் பெரிய அளவில் சேமித்து வைப்பதில்லை. அன்றாடம் உணவிலிருந்து வந்தாக வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மி.கி. போதும். இந்தச் சிறிய அளவைக் கொண்டு நூற்றுக்கணக்கான நொதிகள் இயங்குகின்றன. வேகமாகப் பெருகும் உயிரணுக்களுக்கு இதன் தேவை அதிகம். குடலின் உட்பூச்சு உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுபவை. நோய் எதிர்ப்பு அணுக்களும் அப்படியே. ஆகவே துத்தநாகம் குறைந்தால் முதலில் அடிபடுபவற்றுள் குடலும் எதிர்ப்பாற்றலும் இருக்கின்றன.

வயிற்றுப்போக்கின்போது மலத்தோடு துத்தநாகமும் வெளியேறுகிறது. குழந்தை சரியாகச் சாப்பிடாததால் புதிதாக வருவதும் குறைகிறது. துத்தநாகம் குறைந்த குடல் மெதுவாக ஆறுகிறது. அணுக்களுக்கு இடையிலான இறுக்கம் தளர்ந்திருக்கிறது. அடுத்த கிருமி எளிதில் நுழைகிறது. மீண்டும் வயிற்றுப்போக்கு, மீண்டும் இழப்பு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இந்தச் சுழலில் சிக்கிய குழந்தை எடை ஏறாமல் நிற்பதைத்தான் அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டையில் கீழே சரியும் கோடாகப் பார்க்கிறோம்.

மாத்திரை இந்தச் சுழலை இரண்டு இடங்களில் உடைக்கிறது. முதல் நாட்களில், குடல் அணுக்கள் நீரையும் குளோரைடையும் வெளியே கொட்டுவதைக் குறைக்கிறது. பிந்திய நாட்களில், சிதைந்த குடற்பரப்பு மீண்டும் வளரவும் இழந்த துத்தநாகத்தை உடல் ஈடுசெய்யவும் உதவுகிறது. முதல் வேலையின் பயன் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வேலை தெரியாது, அதற்குத்தான் 14 நாட்கள்.

ஆய்வுகள் வந்த வழி

மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதையே 1960களுக்கு முன் மருத்துவ உலகம் நம்பவில்லை. பீகாரின் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதாகியும் பத்து வயதுச் சிறுவனைப்போல் இருந்த ஓர் இளைஞரைக் கண்டார். ரொட்டியும் களிமண்ணுமே அவர் உண்டது. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. 1961இல் வெளியான கட்டுரையையும் அதன்பின் எகிப்தில் செய்த ஆய்வுகளையும் கொண்டு துத்தநாகக் குறைபாடு என்ற நோய்நிலையை அவர் நிறுவினார்.

அதை வயிற்றுப்போக்கோடு இணைத்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று தில்லியில் நடந்தது. எச்.பி.எஸ். சச்தேவும் உடன் பணியாற்றியோரும் நீரிழப்புள்ள கைக்குழந்தைகளுக்குத் துத்தநாகம் கொடுத்துப் பார்த்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். திருப்புமுனையானது 1995இல் வெளிவந்த ஆய்வு. சுனில் சசவால், ராபர்ட் பிளாக், எம்.கே. பான் முதலியோர் தில்லியில் 6 முதல் 35 மாத வயதுடைய 937 குழந்தைகளிடம் நடத்திய இந்த ஆய்வில், துத்தநாகம் பெற்றவர்களிடையே வயிற்றுப்போக்கு நீடிக்கும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த எம்.கே. பான்தான் பின்னர் ரோட்டாவைரசுக்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்து உருவாவதிலும் முன்னின்றவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் பங்கேற்ற அந்த முயற்சியின் பயன் இன்று நம் ஊர்க் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்தாகக் கிடைக்கிறது.

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் அப்துல்லா பாகியும் உடன் பணியாற்றியோரும் 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. வயிற்றுப்போக்கு வந்தபோதெல்லாம் 14 நாட்கள் துத்தநாகம் கொடுக்கப்பட்ட பகுதிகளில் நோய் நீடித்த காலம் 24 விழுக்காடு குறைந்தது. மறுபடி வயிற்றுப்போக்கு வருவது 15 விழுக்காடு குறைந்தது. விபத்துகள் நீங்கலான குழந்தை இறப்பு ஏறத்தாழப் பாதியானது. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதும் குறைந்தது. கையில் ஒரு மாத்திரை கிடைத்துவிட்டால் பெற்றோர் வேறு மருந்து தேடி அலைவதில்லை என்பது அதன் காரணமாக இருக்கலாம். அரியானாவில் அரசு, தனியார் மருத்துவர்கள் வழியாகவே துத்தநாகத்தையும் ஓ.ஆர்.எஸ்.ஸையும் வழங்கிப் பார்த்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்விலும் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது தெரியவந்தது.

இதை அற்புத மருந்தாகச் சொல்லிவிடக் கூடாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் வயிற்றுப்போக்கு நீடிக்கும் காலம் சராசரியாக அரை நாள் அளவே குறைகிறது என்கிறது. ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு நாள் குறைகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களில் தெளிவான பயன் காணப்படவில்லை. நன்கு உண்டு வளரும் குழந்தைக்குப் பயன் சிறிது. மெலிந்த குழந்தைக்குப் பயன் பெரிது. யாருக்குக் குறைபாடு இருக்கிறது என்று வீடுவீடாக இரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது என்பதால்தான் எல்லாருக்கும் கொடுக்கப்படுகிறது.

அளவும் கொடுக்கும் முறையும்

இந்தியத் திட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு 20 மி.கி. மாத்திரை. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அரை மாத்திரை, அதாவது 10 மி.கி. இரண்டும் 14 நாட்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரையைத் தேடாமல் மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும்.

மாத்திரை நீரில் கரையும் வகை. ஒரு சிறு கரண்டியில் வைத்துச் சிறிது நல்ல தண்ணீர் விட்டால் ஒரு நிமிடத்துக்குள் கரைந்துவிடும். கைக்குழந்தைக்குப் பிழிந்தெடுத்த தாய்ப்பாலில் கரைக்கலாம். ஒரு பெரிய குவளையில் கலக்கினால் குழந்தை பாதியில் நிறுத்திவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. கடற்கரையின் ஈரக்காற்றில் பிரித்த மாத்திரை இளகிவிடும் என்பதால் அன்றன்று வேண்டியதை மட்டும் அட்டையிலிருந்து எடுப்பது நல்லது.

துவர்ப்பும் உலோகச் சுவையும் இருப்பதால் சில குழந்தைகள் வாந்தி எடுக்கும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். பெற்றோர் மாத்திரையை நிறுத்துவதற்கு இந்த வாந்தியும் ஒரு காரணம். தில்லியிலும் தான்சானியாவின் தாருசலாமிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, 5 அல்லது 10 மி.கி. கொடுத்தாலும் நோய்க்காலம் 20 மி.கி. அளவுக்கு ஈடாகக் குறைகிறது என்றும், வாந்தி குறைவாக இருக்கிறது என்றும் கண்டது. இதைப் படித்துவிட்டு வீட்டில் நாமாக மாத்திரையைப் பாதியாக்க வேண்டியதில்லை. குழந்தை ஒவ்வொரு நாளும் வாந்தி எடுக்கிறது என்றால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம்.

மருந்துக்கடையில் சிரப்பாக வாங்குபவர்கள் சீட்டைப் படிக்க வேண்டும். 5 மி.லி.யில் எத்தனை மி.கி. துத்தநாகம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சத்து டானிக்குகளிலும் துத்தநாகம் உண்டு, ஆனால் அதன் அளவு இச்சிகிச்சைக்குப் போதாது.

நின்ற பிறகும் ஏன்?

நான்காம் நாள் காலை குழந்தை சிரிக்கிறது, விளையாடுகிறது, மலம் கெட்டியாகிவிட்டது. மாத்திரை அட்டையில் பத்து மிச்சம். அதை எடுத்து அலமாரியில் வைப்பது இயல்பான செயல்தான். காய்ச்சல் நின்றால் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோம், அதே கணக்கு.

ஆனால் துத்தநாகத்தின் கணக்கு வேறு. வயிற்றுப்போக்கு நிற்பது கிருமி வெளியேறியதன் அடையாளம். குடல் ஆறியதன் அடையாளம் அன்று. 14 நாட்கள் முழுதாகக் கொடுத்த குழந்தைக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு குறைகிறது என்பதே உலக சுகாதார நிறுவனம் இந்த நீண்ட காலத்தைப் பரிந்துரைத்ததன் காரணம். புரட்டாசி பிறந்து வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையை எடுத்துக்கொள்வோம். அந்த இரண்டு மூன்று மாதம் என்பது இக்கடற்கரையில் மழை பெய்து, ஊருணியில் புதுத்தண்ணீர் வந்து, தெருநீர் அதில் கலக்கும் காலம். முதல் நோயில் விட்டுவைத்த பத்து மாத்திரை, இரண்டாம் நோயில்தான் தன் இல்லாமையைக் காட்டும்.

கொடுப்பது யார் என்பதும் ஒரு சிக்கல். பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் பலர் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தொழில் செய்பவர்கள். கடல் நேரம் பார்த்து அதிகாலையில் புறப்பட வேண்டியிருக்கும். அப்போது குழந்தை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். செவிலியர் விளக்கம் சொன்னதோ தாயிடம். 14 நாள் செய்தி பாட்டியின் காதுக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. மாத்திரைக்குக் காலை மாலை என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. தாய் வீட்டில் இருக்கும் நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

தேசியக் குடும்பநல ஆய்வுகளின் எண்களும் இந்தச் சிக்கலைக் காட்டுகின்றன. 2015-16இல் இந்திய அளவில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் 50.6 விழுக்காட்டினருக்கு ஓ.ஆர்.எஸ்.ஸும் 20.3 விழுக்காட்டினருக்குத் துத்தநாகமும் கிடைத்தன. 2019-21இல் இவை 60.6, 30.5 என உயர்ந்தன. துத்தநாகம் ஓ.ஆர்.எஸ்.ஸில் பாதி தூரத்தில்தான் நிற்கிறது. இந்த 30.5இல் ஒரே ஒரு மாத்திரை விழுங்கிய குழந்தையும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. எத்தனை பேர் 14 நாளும் முடித்தார்கள் என்று இந்த எண் சொல்லாது.

2014 முதல் ஆண்டுதோறும் தீவிர வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டு இருவாரம் நடத்தப்பட்டது. 2024இல் அது ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாத இயக்கமாக நீட்டப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் நோய் வருமுன்னரே கொடுத்து வைக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே உறையில் சேர்த்துத் தருவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கரைசலை எடுக்கும் கை மாத்திரையையும் எடுக்கும் என்பது கருத்து.

வீட்டு வழக்கங்கள்

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி விழுந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வது உண்டு. அவர்கள் பார்வை தவறன்று. நீரிழப்பின் முக்கியமான அடையாளம் அது. ஆனால் அதை நோயின் காரணமாக எடுத்துக்கொண்டு எண்ணெய் வைத்துத் தூக்கிவிட முயல்வதில்தான் பிழை. உச்சிக்குழி விழுந்திருந்தால் உடனே கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

தொக்கம் எடுத்தல், குடல் தட்டுதல் ஆகியவை தென்மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன. இவற்றில் போகும் நேரமே பெரிய இழப்பு. வயிற்றைக் காயப்போடுவதும் கெடுதலே. குடல் ஆறுவதற்கும் உணவு வேண்டும். வழக்கங்களில் நல்லதும் இருக்கிறது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றை ஓ.ஆர்.எஸ். கைக்கு வரும்வரை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கழிச்சலை நிறுத்தும் பெரியவர்களின் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் இரத்தம் இல்லாத சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது.

கண் குழிவது, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக மடிப்பு விரிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, எதைக் கொடுத்தாலும் வாந்தி, மலத்தில் இரத்தம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை கரைசலைக் கரண்டியால் தொடர வேண்டும். வலிப்போ நினைவிழப்போ இருந்தால் மட்டும் வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது.

உணவில் துத்தநாகம்

எல்லா உணவுகளிலும் துத்தநாகம் மிகுந்தது சிப்பி. முத்துச் சிப்பிக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாக் கரையில் சிப்பி இறைச்சியை அன்றாட உணவாகக் கொள்வோர் குறைவு என்பது ஒரு வேடிக்கை. நண்டு, ஆட்டிறைச்சி, முட்டை, மீன் ஆகியவற்றிலும் நல்ல அளவில் உண்டு. ஆனால் நல்ல மீனும் நண்டும் கரையிலேயே ஏலம் போய்விட, மீனவர் வீட்டுக் குழந்தையின் தட்டில் சோறும் ரசமும் இருக்கும் நாட்களும் உண்டு. சோற்றில் துத்தநாகம் குறைவு. கேழ்வரகிலும் பயறுகளிலும் கூடுதலாக இருந்தாலும் ஃபைட்டேட் அதைத் தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. அந்த வகையில் முளைகட்டிய கேழ்வரகுக் கூழும் இட்லியும் குழந்தைக்கு ஏற்றவை. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் சிறு குழந்தைக்கு அதை நம்ப வேண்டாம்.

உணவு தினசரித் தேவையான 3 மி.கி. அளவை நிரப்பும். மருந்தோ 20 மி.கி.; அதாவது ஆறு மடங்குக்கும் மேல். இழந்ததைக் குறுகிய காலத்தில் ஈடுசெய்வதற்கான அளவு அது. இதே அளவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடல் செம்பை ஏற்பது தடைப்படும். ஆகவே 14 நாள் என்பதைக் குறைக்கக் கூடாது என்பதுபோலவே, நல்லதுதானே என்று நீட்டவும் கூடாது. 14 நாள் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால், அது புதிய நோயாகக் கருதப்பட்டுப் புதிய 14 நாட்கள் தொடங்கும்.

நாட்களை எண்ணுவதற்கு, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து பதினான்காவது தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்தால், தாளைக் கிழிப்பவர் தாயோ பாட்டியோ பள்ளி செல்லும் அக்காளோ யாராக இருந்தாலும், அந்த வட்டம் வரும்வரை மாத்திரை உண்டு என்று தெரிந்துகொள்வார்.